தொட்டுப் பார்த்து முடிவெடுக்கும் ரோபோ கை: முதல்முறை செய்கிறவர்களுக்கு

ரோபோ கை செய்யப் போகிறேன் என்று கிளம்பும் முக்கால்வாசிப் பேர் முதலில் கேமராவைத்தான் வாங்குகிறார்கள். பொருள் எங்கே கிடக்கிறது என்று கேமரா சொல்லும், அது வேண்டும்தான். ஆனால் விரல் பொருளைத் தொட்டதும் அந்த விரலே பொருளை மறைத்துவிடும். அதற்கப்புறம் எவ்வளவு இறுக்கலாம், நழுவுகிறதா, நசுங்குகிறதா என்று சொல்ல விரல் நுனியைத் தவிர வேறு ஆள் கிடையாது. அதனால் நாம் செய்யப்போகும் கையில் கேமராவே வராது. தொட்டுத் தெரிந்துகொண்டு தானே முடிவெடுக்கும் இரண்டு விரல் கவ்வி ஒன்றை வீட்டு மேசையில் வைத்து எப்படிச் செய்வது என்பதை மட்டும் சொல்கிறேன். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் நம் பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கிறவரும் செய்யலாம், ஈப்போ உங்கு ஓமார் போலிடெக்னிக்கில் முதலாம் ஆண்டில் இருக்கிறவரும் செய்யலாம். நிரல் எழுதி ஓட்டும் ஆர்டுயினோ என்ற சின்னப் போர்டில் ஒரு விளக்கை எரியவைத்து அணைத்த பழக்கம் இருந்தால் போதும்.

எதைப் பிடிக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் பிடிக்கும் கை என்று ஆரம்பித்தால் எதையும் பிடிக்காது. மூன்றே மூன்று பொருள் போதும்: ஒரு முட்டை, கோலிக்குண்டு அளவில் ஒரு கல், செம்பனையின் (எண்ணெய்ப் பனையின்) உதிரிப் பழம் ஒன்று. தோட்டத்துப் பக்கம் இருக்கிறவர்களுக்கு மூன்றாவது சுலபமாகக் கிடைக்கும், சும்மா கிடைக்கிறதே என்பதற்காக அதைச் சேர்க்கவில்லை. பழுத்த குலையிலிருந்து உதிர்ந்து மரத்தடியில் கிடக்கும் பழத்தில்தான் எண்ணெய் அதிகம். அது நசுங்கினால் பழத்துக்குள் இருக்கும் ஒரு நொதி வேலையை ஆரம்பித்து எண்ணெயை உடைக்கும், கொழுப்பு அமிலம் ஏறும், ஆலையில் தரம் இறங்கும். உறிஞ்சி எடுக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன, ஆனால் அவை இலைச் சருகு, மண், சிறு கல் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துவிடும். ஆகவே இன்றைக்கும் நம் வீட்டுப் பெண்கள் முதுகை வளைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போடுகிறார்கள். அந்த முதுகுவலியைப் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளை, பழத்தையும் கல்லையும் தொட்டே பிரித்தறியும் கை ஒன்றைச் செய்தால் அதைவிட நல்ல முதல் திட்டம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றையும் சமையல்கட்டுத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். முட்டை 60 கிராம் பக்கம் வரும், உதிரிப் பழம் 10 கிராம் பக்கம். இந்த எண்கள் பின்னால் கணக்குக்கு வேண்டும்.

சாமான்கள்

ஆர்டுயினோ ஊனோ அல்லது அதே மாதிரி இன்னொரு போர்டான இஎஸ்பி32, ஏதாவது ஒன்று. சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் எஸ்ஜி90 செர்வோ மோட்டார் ஒன்று. அக்ரிலிக்கில் வெட்டிய அல்லது முப்பரிமாண அச்சில் எடுத்த இரண்டு விரல் கவ்வி. அழுத்தம் ஏறினால் மின்தடை குறையும் எஃப்எஸ்ஆர் சென்சார் இரண்டு, விரலுக்கு ஒன்று. 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, அதிர்வை வோல்டேஜாக மாற்றும் பீசோ தகடு ஒன்று, 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று, செர்வோவுக்கென்று தனியாக 5 வோல்ட் மின்சாரம். பினாங்கு சைட்ரான் மாதிரியான கடைகளில் இணையத்தில் சொல்லி வாங்கலாம். கோலாலம்பூர் போகிற வேலை இருந்தால் ஜாலான் பாசாரில் ஒரு நடை நடந்தால் எல்லாமே ஒரே தெருவில் கிடைத்துவிடும்.

செர்வோவை ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையிலிருந்தே ஓட்டாதீர்கள். மோட்டார் இறுக்கும்போது மின்னோட்டத்தை இழுக்கும், வோல்டேஜ் சரியும், அந்தச் சரிவு சென்சார் அளவில் பொய்யான அழுத்தமாகத் தெரியும். மின்சாரம் தனி, கிரவுண்டு மட்டும் பொது. இஎஸ்பி32 வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: வைஃபை ஓடும்போது இரண்டாவது ஏடிசியின் (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதியின்) முனைகளில் அளவு எடுக்க முடியாது, சென்சாரை முதல் ஏடிசியில் மாட்டுங்கள்.

சென்சாரை ஒட்டும் வேலையில்தான் பாதி வெற்றி

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். எஃப்எஸ்ஆர் இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே கொஞ்சம் காற்று இருக்கிற மாதிரி செய்யப்பட்டது. வட்டத்தின் விளிம்பில் அழுத்தம் பட்டால் விளிம்பே சுமையைத் தாங்கிவிடும், நடுவில் ஒன்றும் தெரியாது. அதனால் வட்டத்தைவிடச் சின்னதாக, ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு ரப்பர் வில்லை வெட்டி நடுவில் ஒட்டுங்கள், அழுத்தம் எல்லாம் அந்த வில்லை வழியாகவே போகட்டும். சென்சாரின் பின்பக்கம் தட்டையான, வளையாத பரப்பில் இருக்க வேண்டும். வால் பக்கம் காற்று போய்வரும் வழியைப் பசை போட்டு அடைக்கக் கூடாது. வாலில் நேராகச் சால்டர் வைத்தால் பிளாஸ்டிக் உருகிவிடும், அழுத்திக் கவ்வவைக்கும் கிரிம்ப் கனெக்டர் போடுங்கள்.

வில்லைக்கு மேலே 3 மில்லிமீட்டர் பஞ்சுத்தாள் ஒன்று, அதற்கும் மேலே ரப்பர் கையுறையிலிருந்து வெட்டிய துண்டு ஒன்று. கித்தா (ரப்பர்) மரம் நம்மை இங்கே கொண்டு வந்தது, அந்தப் பால் இன்றைக்கும் கையுறையாகி உலகம் பூராவும் போகிறது, விரல் தோலுக்கு அதைவிடப் பொருத்தமான சாமான் எதற்குத் தேட வேண்டும்? இயற்கை ரப்பர் நன்றாகப் பிடிக்கும், மலிவு, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

பஞ்சு எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன், பலர் இதை விட்டுவிடுவார்கள். 5 சென்டிமீட்டர் விரல் ஒரு டிகிரி திரும்பினால் நுனி கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர் நகரும். எஸ்ஜி90க்கு அதைவிடச் சின்ன அசைவு சரியாக வராது. கல் மாதிரி கடினமான பொருளை வெறும் அக்ரிலிக் விரல் தொட்டால், ஒரு டிகிரியில் அழுத்தம் பூஜ்யத்திலிருந்து உச்சிக்குத் தாவும், நடுவில் முடிவெடுக்க இடமே இருக்காது. பஞ்சு இருந்தால் அதே தூரத்தில் அழுத்தம் படிப்படியாக ஏறும். எவ்வளவு கெட்டிக்கார நிரல் எழுதினாலும் இந்த மென்மையை அது கொடுக்காது.

மின் இணைப்பு சுலபம்: சென்சாரின் ஒரு கால் மின்சாரத்துக்கு (ஊனோவில் 5 வோல்ட், இஎஸ்பி32இல் 3.3 வோல்ட்), மறு கால் அனலாக் முனைக்கு, அதே முனையிலிருந்து 10 கிலோ ஓம் கிரவுண்டுக்கு. அழுத்தினால் எண் ஏறும். ஊனோவில் 0 முதல் 1023 வரை, இஎஸ்பி32இல் 0 முதல் 4095 வரை.

தராசை வைத்துப் பழக்குங்கள்

சமையல்கட்டுத் தராசின் மேல் சென்சார் ஒட்டிய விரலைக் கவிழ்த்து மெல்ல அழுத்துங்கள். 20, 50, 100, 200 கிராம் என்று தராசு காட்டும்போதெல்லாம் திரையில் வரும் எண்ணை எழுதுங்கள். 100 கிராம் என்பது ஏறக்குறைய 1 நியூட்டன், அந்தக் கணக்கு போதும். இரண்டு விரலுக்கும் தனித்தனி அட்டவணை வேண்டும், ஒரே பெட்டியில் வந்த இரண்டு எஃப்எஸ்ஆர்கூட ஒரே எண்ணைக் காட்டாது.

ஏறும்போது ஒரு எண், இறங்கும்போது வேறு எண் வருவதைப் பார்ப்பீர்கள். ஒரே சுமையை வைத்தபடி விட்டாலும் எண் மெதுவாக ஊர்ந்து ஏறும். இது பழுது இல்லை, அந்தச் சென்சாரின் குணமே அப்படி. துல்லியமான தராசாக அதை நம்பக் கூடாது, தொட்டதா, கூடியதா, சட்டென்று குறைந்ததா என்று கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லும். ஒவ்வொரு பிடிக்கும் முன்னால், விரல் எதையும் தொடாத நேரத்தில், இருபது முப்பது அளவுகள் எடுத்துச் சராசரியைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ள நிரலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் காலையில் எடுத்த பூஜ்யம் மாலைக்கு ஒத்துவராமல் போகலாம்.

எவ்வளவு அழுத்தம் போதும்?

பொருளை நிறுத்தி வைப்பது உராய்வு. இரண்டு விரல், ஒவ்வொன்றும் பக்கவாட்டில் தள்ளுகிறது, அந்தத் தள்ளலோடு உராய்வுக் குணகத்தைப் பெருக்கினால் ஒரு விரல் தாங்கும் எடை கிடைக்கும், இரண்டால் பெருக்கினால் மொத்தம். அது பொருளின் எடையைவிடக் குறைந்தால் விழும்.

உராய்வுக் குணகத்தைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு பலகையில் அதே கையுறைத் துண்டை ஒட்டுங்கள், மேலே பொருளை வைத்து பலகையை ஒரு பக்கமாகத் தூக்குங்கள், எந்தக் கோணத்தில் வழுக்க ஆரம்பிக்கிறதோ அந்தக் கோணத்தின் டேஞ்சன்ட்தான் குணகம். 27 டிகிரியில் வழுக்கினால் ஏறக்குறைய 0.5. கோணம் பார்க்கக் கைப்பேசியிலேயே செயலி இருக்கிறது. உருளும் பொருளாக இருந்தால் மூன்றைச் சேர்த்து ஒட்டி வைத்துப் பாருங்கள்.

இப்போது 60 கிராம் முட்டை, குணகம் 0.5 என்றால் ஒவ்வொரு விரலும் 60 கிராம் அளவுக்குத் தள்ள வேண்டும். தூக்கும்போது வரும் குலுக்கலுக்காகப் பாதி கூட்டி 90 என்று வைத்துக்கொள்ளலாம். அதே பரப்பில் எண்ணெய் பட்டுக் குணகம் 0.25க்கு இறங்கினால் தேவை 180 கிராமுக்கு ஏறிவிடும். எஸ்ஜி90இன் முறுக்குவிசை 4.8 வோல்ட்டில் 1.8 கிலோகிராம்-சென்டிமீட்டர். 5 சென்டிமீட்டர் நீள விரல் இரண்டுக்கும் அது பிரிந்து போனால் விரலுக்கு 180 கிராம்தான், அதுவும் மோட்டார் திணறி நிற்கும் நிலையில். அதாவது எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய முட்டையை இந்த மோட்டாரால் நம்பிக்கையாகப் பிடிக்க முடியாது. வாங்குவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் காசு மிச்சம். கொஞ்சம் பழகியதும் எம்ஜி996ஆர் மாதிரி பலமான செர்வோவுக்கு மாறலாம், ஆனால் அது முட்டையை உடைத்துவிடும் பலம் உள்ளது, உச்ச அழுத்த எல்லையை நிரலில் போடாமல் அதை ஓட்டாதீர்கள்.

முடிவெடுக்கும் நிரல்: மூன்று கேள்விகள்

செயற்கை நுண்ணறிவு என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோருக்கும் நியூரல் நெட்வொர்க் ஞாபகம் வருகிறது. அதற்கு அவசரம் இல்லை. தொட்டேனா, பிடி போதுமா, நழுவுகிறதா, இந்த மூன்று கேள்விக்கும் உங்கள் கை சரியாகப் பதில் சொல்கிற வரைக்கும் எந்த மாதிரியை (பதிவுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் நிரலை) பழக்கினாலும் அது குப்பையைத்தான் கற்றுக்கொள்ளும்.

நிரலை நிலைகளாகப் பிரித்து எழுதுங்கள். அணுகு, தொடு, இறுக்கு, தூக்கு, பிடித்திரு, விடு. ஒரு நேரத்தில் கை ஒரு நிலையில்தான் இருக்கும், அடுத்ததற்குப் போகத் தொடு உணர்வு அனுமதி கொடுக்க வேண்டும். மனிதக் கையும் இப்படித்தான் வேலை செய்கிறது என்பதை ஸ்வீடன் உமேயோ பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் யோஹான்சனும் யோரான் வெஸ்ட்லிங்கும் 1984இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். பொருள் வழுவழுப்பாக இருந்தால் நாம் யோசிக்காமலே பிடியைக் கூட்டுகிறோம், தேவையைவிடக் கொஞ்சம்தான் அதிகம் வைக்கிறோம், விரல் நுனியில் சின்ன நழுவல் தெரிந்தால் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் இறுக்கிவிடுகிறோம். ஒரு உள்ளங்கையிலும் விரல்களிலும் சேர்த்து சுமார் 17,000 தொடு நரம்பு முனைகள் இருக்கின்றன. நம் கவ்வியில் இரண்டு எஃப்எஸ்ஆரும் ஒரு பீசோவும்தான், அதை வைத்தே நிறைய செய்யலாம்.

அணுகும்போது 30 மில்லிசெகண்டுக்கு ஒரு டிகிரி என்று மெதுவாக மூடுங்கள். எண் பூஜ்யத்திலிருந்து தெளிவாக ஏறினால், அதுவும் தொடர்ந்து மூன்று அளவுகளில் ஏறினால், தொட்டாயிற்று. ஒரே ஒரு அளவை நம்பினால் மின் இரைச்சலைத் தொடுதல் என்று எண்ணிவிடும். இங்கேயே முதல் புத்திசாலி முடிவு வருகிறது: ஒரு விரல் மட்டும் தொட்டு மற்றது தொடாவிட்டால் பொருள் நடுவில் இல்லை என்று அர்த்தம். அப்படியே மூடிக்கொண்டே போனால் பொருளைத் தள்ளிவிடும். நிறுத்தி, தொட்ட விரல் பக்கமாகக் கையை நகர்த்தி, மறுபடி மூடச் சொல்லுங்கள்.

இரண்டும் தொட்டபின் உடனே முழுசாக இறுக்காதீர்கள். இரண்டு டிகிரி மட்டும் கூட்டி எண் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். சந்தையில் மாம்பழத்தை வாங்கும் முன் அம்மா கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்ப்பார்களே, அதே வேலைதான் இது. ஏற்றம் செங்குத்தாக இருந்தால் கல், மெதுவாக இருந்தால் பழம். கல் என்றால் விட்டுவிட்டு நகர்ந்துவிடலாம், பழம் என்றால் அதற்குரிய அழுத்தத்தை இலக்காக வைத்து இறுக்கலாம். முட்டையும் கல் மாதிரியே செங்குத்தாகத்தான் ஏறும், இந்த ஒரு எண்ணால் மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது, விரல் தொடும்போது இருந்த கோணத்தையும் சேர்த்துப் பாருங்கள், அது பொருளின் அகலத்தைச் சொல்லும். இரண்டு எண் சேர்ந்தால் மூன்று பொருளும் பிரிந்துவிடும்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை: சென்சாரை நொடிக்கு 200 முறை படிக்கலாம், ஆனால் செர்வோவுக்குக் கட்டளை 20 மில்லிசெகண்டுக்கு ஒரு முறைதான் போகும். அதைவிட வேகமாக முடிவெடுத்துப் பயனில்லை. மிச்ச அளவுகளைச் சராசரி எடுக்கப் பயன்படுத்துங்கள். நிரலில் நீண்ட காத்திருப்புக் கட்டளை எதையும் வைக்காதீர்கள், கை தூங்கும் நேரத்தில்தான் பொருள் விழும்.

நழுவலைக் கேட்பது

நழுவுவதைக் கண்டுபிடிக்க எஃப்எஸ்ஆர் மட்டும் போதாது. பொருள் வழுக்கும்போது தோலில் நுண்ணிய அதிர்வு உண்டாகும். நம் கையில் பாசினியன் என்ற நரம்பு முனைகள் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் அதிர்வை நன்றாக உணரும், நமக்கு அந்த இடத்தில் பீசோ தகடு. அதை விரலின் பஞ்சுக்குப் பின்னால் ஒட்டி, 1 மெகா ஓம் ரெசிஸ்டரைப் பக்கவாட்டில் போட்டு அனலாக் முனையில் மாட்டுங்கள். தகட்டைத் தட்டினால் பெரிய வோல்டேஜ் எழும், போர்டைக் காப்பாற்ற ஒரு ஜீனர் டையோடும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தடுத்த அளவுகளின் வித்தியாசத்தை எடுத்துக் கூட்டினால் அதிர்வின் அளவு கிடைக்கும். கை சும்மா பிடித்திருக்கும்போது வருவதைப்போல மூன்று நான்கு மடங்கு வந்தால் நழுவல் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு தொந்தரவு இருக்கிறது: செர்வோவின் பல்சக்கரமும் அதிரும். மோட்டார் அசையும் நேரத்தில் பீசோ சொல்வதை நம்பாதே என்று நிரலில் எழுதிவிடுங்கள், அந்த நேரத்தில் எஃப்எஸ்ஆரின் திடீர் இறக்கத்தை மட்டும் பாருங்கள்.

நழுவல் வந்தால் இரண்டு டிகிரி இறுக்கு. மறுபடி வந்தால் மறுபடி இறுக்கு, உச்ச எல்லையைத் தாண்டாதே. மூன்றாவது முறையும் வந்தால் இறுக்குவதை விட்டுவிட்டு, பொருளை மெதுவாகக் கீழே வைத்து, வேறு இடத்தில் பிடி. இந்தக் கடைசி வரியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். பிடி தவறு என்று ஒத்துக்கொண்டு மாற்றிப் பிடிக்கத் தெரிந்த கைக்கு அழுத்தம் குறைவாகவே போதும், பழமும் தப்பிக்கும்.

பழகும் மாதிரிக்கு வருவோம்

இவ்வளவும் ஓடினால், ஒவ்வொரு பிடிக்கும் ஒரு வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள்: தொட்ட கோணம், அழுத்தம் ஏறிய வேகம், உச்ச அழுத்தம், எத்தனை நழுவல், முடிவில் என்ன ஆனது (நின்றது, விழுந்தது, நசுங்கியது). வெற்றி மட்டும் நிறைந்த பதிவு எதற்கும் உதவாது. வேண்டுமென்றே குறைவாக இறுக்கியும், ஓரத்தில் பிடித்தும், ஈரமாக்கியும் தோல்விகளைச் சேருங்கள். சில நூறு வரிகள் சேர்ந்ததும் கணினியில் பைத்தான் மொழியும் அதற்கான சைக்கிட்-லேர்ன் நூலகமும் போட்டு, ஆமா இல்லையா என்ற கேள்விகளாகக் கிளை பிரியும் ஒரு முடிவு மரத்தைப் பழக்குங்கள். முடிவு மரத்தை முதலில் எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அது கற்றுக்கொண்டதை நீங்கள் கண்ணால் படிக்கலாம், தப்பாகக் கற்றிருந்தால் தெரியும், நான்கைந்து நிபந்தனைகளாக மாற்றி அப்படியே ஆர்டுயினோவுக்குள் எழுதிவிடலாம்.

சோதனைக்குப் பிரிக்கும்போது வரிகளைக் கலைத்துப் பிரிக்காதீர்கள், பொருள்வாரியாகப் பிரியுங்கள். பத்துப் பழங்களை வைத்துப் பதிவு எடுத்தால் எட்டுப் பழத்தின் வரிகள் பழக்க, பார்க்காத இரண்டு பழத்தின் வரிகள் சோதிக்க. ஒரே பழத்தின் வரிகள் இரண்டு பக்கமும் இருந்தால் மாதிரி அந்தப் பழத்தை மனப்பாடம் செய்துவிட்டுப் பிரமாதமான மதிப்பெண் காட்டும், தோட்டத்தில் புதுப் பழத்தைக் கண்டால் திணறும். பள்ளிப் போட்டிகளுக்குத் தயார் செய்கிறவர்கள் இதை நடுவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் மேலே போக ஆசைப்படுகிறவர்களுக்கு: விரலுக்குள் சின்னக் கேமராவை வைத்து, மென்மையான ஜெல் எப்படி அமுங்குகிறது என்று உள்ளிருந்து படம் எடுக்கும் ஜெல்சைட் முறை 2009இல் எம்ஐடியில் பிறந்தது. அதே வழியில் 2020இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் டிஜிட் என்ற விரல் நுனியின் வடிவமைப்பைத் திறந்தே வெளியிட்டார்கள், செய்து பார்க்கலாம். ஜெல்சைட் விரலோடு ஒரு ரோபோவை 9,000 முறைக்கும் மேல் பிடிக்க வைத்து, தூக்குவதற்கு முன்பே இந்தப் பிடி நிற்குமா என்று கணிக்க முடியும் என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. கேமராவோடு தொடு உணர்வும் சேர்ந்தால் கணிப்பு கூடியது. அங்கே நியூரல் நெட்வொர்க் தேவைப்பட்டது, ஏனென்றால் உள்ளே வருவது முழுப் படம். உங்களிடம் உள்ளே போவது நான்கு எண்கள், முடிவு மரம் போதும்.

மாதிரி எவ்வளவு நன்றாகப் பழகினாலும் உச்ச அழுத்த எல்லையை அதன் கையில் கொடுக்காதீர்கள். அந்த எல்லை தனி வரியாக, எல்லா முடிவுக்கும் கடைசியில், மாதிரி என்ன சொன்னாலும் வெட்டிவிடும் இடத்தில் இருக்க வேண்டும். கவ்விக்குள் யாருடைய விரலாவது மாட்டலாம்.

மேசையிலிருந்து மரத்தடிக்கு

பின்னேர மழை விட்டதும் நாலு உதிரிப் பழத்தைத் துடைக்காமல் அப்படியே எடுத்து வந்து பிடிக்க விடுங்கள். சேறும் எண்ணெயும் சேர்ந்த தோலில் உராய்வு நீங்கள் பலகையில் அளந்ததைவிடக் குறைவாக இருக்கும், நழுவல் எண்ணிக்கை கூடும். அந்தப் பதிவுகளைத் தனிக் கோப்பில் வைத்து முடிவு மரத்தை மறுபடி பழக்குங்கள். கையுறைத் துண்டைப் பத்துப் பதினைந்து பிடிக்கு ஒரு முறை ஈரத்துணியால் துடைத்து, மறுபடி பூஜ்யம் எடுத்துக்கொண்டு தொடருங்கள். துண்டு பளபளவென்று ஆகிவிட்டால் மாற்ற வேண்டிய நேரம். மாற்றியபின் தராசு அட்டவணையையும் புதிதாக எடுக்க வேண்டும், ஏனென்றால் புதுத் துண்டின் தடிமன் பழையதைப் போலவே இருக்காது.